எலும்புப் புரை நோய்: மாத்திரை மட்டும் போதுமா?

முதுமையில் எலும்பு முறிவதை இயற்கை என்று கருதி, அதனை விதியின் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகிறது. குளியலறையில் வழுக்கி விழுந்த மூதாட்டி படுத்த படுக்கையாகிறார்; சில மாதங்களில் மறைந்துவிடுகிறார்; மரணத்திற்குக் காரணம் முதுமை என்று பேசப்படுகிறது. பெரும்பாலும் அங்கே நிகழ்ந்திருப்பது ஆஸ்டியோபொரோசிஸ் எனப்படும் எலும்புப் புரை நோயின் விளைவே. எலும்பின் அடர்த்தி குறைந்து, அதன் உட்புறம் அரித்த மரம்போல் துளைவிட்டுப் போவதே இந்நோய். இதற்கு வலியில்லை, காய்ச்சல் இல்லை. பலருக்கு முதல் எலும்பு முறிவே முதல் அறிகுறியாக அமைந்துவிடுகிறது.

கால்சியம் மாத்திரை, சத்துணவு, உடற்பயிற்சி ஆகிய மூன்றையும் இணைத்துக் கைக்கொண்டால் எலும்பின் வலிமையைக் காத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். இது சரியான அறிவுரையே. ஆனால் மூன்றில் எது எவ்வளவு, யாருக்கு எது முதலில் என்னும் கேள்விகளுக்கு வசதி படைத்த குடும்பத்திற்கும் குறைந்த வருமானக் குடும்பத்திற்கும் ஒரே விடை இருக்க முடியாது. மும்பையின் சயான் பகுதியை முன்வைத்து இதனை ஆராய்வது பயனுள்ளதாக இருக்கும்.

சயானும் அதன் சுற்றுப்புறமும்

எல்லை எனப் பொருள்படும் 'ஷீவ்' என்ற மராத்திச் சொல்லே சயான் என்று மருவியதாகக் கூறுவர். பழைய பம்பாய்த் தீவின் எல்லை இது. இன்றும் இவ்வூர் ஓர் எல்லையாகவே விளங்குகிறது. தெற்கே, தென்னிந்திய நடுத்தர வகுப்பினர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் மாதுங்கா. ரயில் பாதைக்கு மேற்கே தாராவி. தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே அங்குக் குடியேறினர். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பில் பல லட்சம் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர்.

இவ்விரு மக்களுக்கும் பொதுவான இடம் சயான் மருத்துவமனை என்று எல்லோரும் அழைக்கும் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. 1947-இல் தொடங்கப்பெற்ற இம்மருத்துவமனை இன்று ஆயிரத்திற்கும் மேற்பட்ட படுக்கைகளைக் கொண்டது. 1964-இல் இதனுடன் மருத்துவக் கல்லூரியும் அமைந்தது. இக்கல்லூரியைச் சார்ந்த நகர நலவாழ்வு மையம் தாராவிக்குள்ளேயே இயங்குகிறது. அதனை மக்கள் 'சோட்டா சயான்' என்று அன்புடன் அழைக்கின்றனர்.

மாதுங்காவில் வாழும் அறுபது வயது அம்மையார் ஒருவரையும் தாராவியில் வாழும் அதே வயதுடைய ஒருவரையும் எண்ணிப் பார்ப்போம். முன்னவர் காலையில் காபி, பகலில் தயிர், மாலையில் ஐந்து தோட்டப் பகுதியில் நடை என்ற ஒழுங்கில் வாழ்பவர். பின்னவர் பகல் முழுதும் தரையில் குந்தி அப்பளம் இடுபவராகவோ, துணியில் நூல் பிசிறு நீக்குபவராகவோ இருக்கக்கூடும். இருவருக்கும் மருந்துச்சீட்டில் எழுதப்படுவது ஒரே கால்சியம் மாத்திரைதான். ஆனால் அந்த மாத்திரை இருவருடைய உடலிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

ஐதராபாத் ஆய்வு காட்டிய உண்மை

குறைந்த வருமானப் பிரிவுப் பெண்களின் எலும்பு நிலையைப் பற்றி ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைச் சேர்ந்த வீணா சத்ருக்னாவும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்வு 2005-இல் வெளியாயிற்று. 30 முதல் 60 வயது வரையிலான 289 பெண்கள் இதில் ஆராயப்பட்டனர். அவர்கள் நாளொன்றுக்கு உட்கொண்ட கால்சியம் சராசரியாக 270 மில்லிகிராம் மட்டுமே. தொடையெலும்பின் கழுத்துப் பகுதியை அளந்தபோது ஏறத்தாழ 29 சதவீதத்தினருக்கு எலும்புப் புரை நோய் காணப்பட்டது. இவர்களில் பலர் மாதவிடாய் நிற்கும் வயதைக்கூட எட்டாதவர்கள் என்பது கருதத்தக்கது.

இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஓர் எச்சரிக்கை தேவை. எலும்பு அடர்த்தியை அளக்கும் கருவி, மேலை நாட்டு இளம் பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டே நோயைத் தீர்மானிக்கிறது. 1994-இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரையறை அது. சிறிய உடலமைப்புக் கொண்ட நம் பெண்களின் எலும்பு, அளவில் சிறியதாக இருப்பதாலேயே அடர்த்தி குறைந்ததாகத் தோன்றக்கூடும். ஆயினும் உயரக் குறைவும் பல வேளைகளில் இளமையில் நேர்ந்த ஊட்டக் குறைவின் விளைவே ஆதலால், இந்தச் சமாதானம் நம்மை வெகுதூரம் கொண்டு செல்லாது.

ஆய்வாளர்கள் வலியுறுத்திய மற்றொரு செய்தியே நம் பொருளுக்கு முதன்மையானது. இப்பெண்களுக்குக் குறைந்தது கால்சியம் மட்டுமன்று. உணவின் மொத்த ஆற்றல், புரதம், நுண்சத்துகள் அனைத்துமே போதவில்லை. எலும்பின் எடையில் ஒரு பெரும்பகுதி புரதத்தாலான வலைப்பின்னல்; அதன்மேல்தான் சுண்ணாம்புச் சத்து படிகிறது. கம்பி கட்டாமல் கான்கிரீட்டை மட்டும் கொட்டினால் தூண் எழும்புமா?

பொருளியலில் ஒன்றுக்கொன்று மாற்றான பண்டங்கள் என்றும், ஒன்றையொன்று நிறைவு செய்யும் பண்டங்கள் என்றும் இரு வகை கூறுவர். காபிக்குத் தேநீர் மாற்று. பேனாவுக்கு மை நிறைவு. மாத்திரையும் உணவும் பயிற்சியும் மாற்றுப் பண்டங்கள் என்ற எண்ணமே மக்களிடமும், ஓரளவு நம் திட்டங்களிலும் நிலவுகிறது. உடலைப் பொறுத்தவரை அவை நிறைவுப் பண்டங்கள். மூன்றில் மிகக் குறைவாக உள்ளதே மொத்த விளைவின் அளவைத் தீர்மானிக்கிறது.

வெளிநாட்டுச் சோதனைகள் ஏன் முரண்படுகின்றன?

கால்சியம் மாத்திரையால் பயனில்லை என்று அவ்வப்போது செய்தி வருவதைப் படிப்பவர்கள் குழப்பமடைகின்றனர். இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது மாணவர்களுக்கு நல்ல பயிற்சி.

1992-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 3,270 பெண்கள் பங்கேற்றனர். அவர்களின் சராசரி வயது 84. நாள்தோறும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டி-யும் பெற்றவர்களிடையே, பதினெட்டு மாதங்களில் இடுப்பெலும்பு முறிவு 43 சதவீதம் குறைவாக இருந்தது. இது வியக்கத்தக்க பலன். ஆனால் 2006-இல் அமெரிக்காவில் 36,282 பெண்களிடம் நடந்த சோதனையில் இடுப்பெலும்பு முறிவு 12 சதவீதமே குறைந்தது; புள்ளியியல் நோக்கில் அது உறுதியான வேறுபாடன்று. சிறுநீரகக் கல் ஏற்படுவது மட்டும் 17 சதவீதம் கூடியது. 2022-இல் வெளியான மற்றோர் அமெரிக்கச் சோதனையில் 25,871 பேர் பங்கேற்றனர். நாளொன்றுக்கு 2,000 அலகு வைட்டமின் டி கொடுத்தும் எலும்பு முறிவுகள் குறையவில்லை.

இம்முரண்பாடு வெறும் தோற்றமே. பிரெஞ்சு மூதாட்டிகள் வெயிலே படாமல், குறைந்த கால்சியம் உண்டு, இல்லங்களுக்குள் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் பற்றாக்குறை இருந்தது; மாத்திரை அதனை நிரப்பியது. அமெரிக்கப் பங்கேற்பாளர்களில் பெரும்பாலோர் பாலும் பாலாடைக்கட்டியும் செறிவூட்டிய உணவும் உண்பவர்கள். நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் வழியத்தான் செய்யும். ஆகவே அமெரிக்க முடிவை மாதுங்காவின் வசதியான இல்லத்திற்கு ஒருவாறு பொருத்திப் பார்க்கலாம். தாராவிக்கு அதை அப்படியே பொருத்துவது தவறு.

உணவின் பங்கை 2021-இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனை தெளிவாக்கியது. அறுபது முதியோர் இல்லங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் கண்காணிக்கப்பட்டனர். பாதி இல்லங்களில் பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கூட்டி, கால்சியத்தையும் புரதத்தையும் ஒருங்கே உயர்த்தினர். அங்கு எல்லா வகை முறிவுகளும் 33 சதவீதமும், இடுப்பெலும்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன. கீழே விழுவதும் 11 சதவீதம் குறைந்தது. இவர்களிடம் வைட்டமின் டி முன்பே போதிய அளவு இருந்தது; குறைந்திருந்த கால்சியமும் புரதமும் உணவின் வழியே நிரப்பப்பட்டன. விழுதல் குறைந்ததற்குத் தசை வலுப்பெற்றது ஒரு காரணமாகலாம்.

ஒரு நாள் உணவின் வரவு செலவு

நமது தேவை எவ்வளவு? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2010-இல் வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் கால்சியம் போதும் எனக் கருதின. 2020-இல் இது 1,000 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200 மில்லிகிராம். வைட்டமின் டி 600 அலகு. அறுபது வயதைக் கடந்தோருக்கு 800 அலகு.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் நாளில் 250 கிராம் அரிசி, 100 கிராம் கோதுமை மாவு, 40 கிராம் துவரம்பருப்பு, உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் தக்காளியுமாக ஒரு கை காய்கறி உண்கிறார் என்றும், இரு வேளைத் தேநீரில் 100 மில்லி பால் சேர்கிறது என்றும் கொள்வோம். அரிசியிலிருந்து கிடைக்கும் கால்சியம் 20 மில்லிகிராம். கோதுமை 35, பருப்பு 40, காய்கறி 25, பால் 120. மொத்தம் சுமார் 240. வயிறு நிறைந்த இந்த உணவு, தேவையில் ஐந்தில் ஒரு பங்கையே எலும்புக்குத் தருகிறது. அதிலும் பாதி, தேநீரில் கலந்த அந்தச் சிறிதளவு பாலிலிருந்து வருகிறது. விலை ஏறும்போது குடும்பங்கள் முதலில் குறைப்பதும் அந்தப் பாலைத்தான்.

இதே உணவில் சில மாற்றங்களைச் செய்வோம். அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 50 கிராம் கேழ்வரகு மாவு சேர்த்தால் ஏறத்தாழ 175 மில்லிகிராம் கூடும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராமை ஒட்டிக் கால்சியம் உண்டு. அரிசியில் பத்துகூட இல்லை. ஒரு பிடி முருங்கைக்கீரை, அதாவது 50 கிராம், 150 தரும். எள் பத்து கிராம் 125. ஒரு குவளைப் பால் அல்லது அதே அளவு பாலில் உறையிட்ட தயிர் 240. இவை அனைத்தும் சேர்ந்தால் மொத்தம் சுமார் 930 மில்லிகிராம். எஞ்சும் பற்றாக்குறை 270 அளவே. அதனை நிரப்ப 500 மில்லிகிராம் கால்சியம் தரும் ஒரே ஒரு மாத்திரை போதும்.

முதல் உணவையே வைத்துக்கொண்டு மாத்திரையால் மட்டும் ஈடு செய்வதானால், நாளுக்கு இரண்டு மாத்திரை விழுங்க வேண்டும். கால்சியக் கணக்கு நேராகிவிடும். புரதக் கணக்கு இருந்த இடத்திலேயே நிற்கும். இதுதான் இக்கட்டுரை சுட்ட விரும்பும் வேறுபாடு.

கேழ்வரகும் முருங்கையும் திருநெல்வேலி வழிவந்த குடும்பங்களுக்குப் புதியவை அல்ல. நகரத்திற்கு வந்தபின் கேழ்வரகுக் கூழ் ஏழைமையின் அடையாளமாகக் கருதப்பட்டு அடுப்பங்கரையை விட்டு வெளியேறியது. மராத்தியர் அதனை 'நாச்ணி' என்கின்றனர். மகர சங்கராந்திக்கு எள்ளுருண்டை பரிமாறுகின்றனர். புனேயைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ஏழைக் குழந்தைகளுக்குக் கால்சியத்தை லட்டு வடிவிலேயே கொடுத்துச் சோதித்துள்ளனர். மருந்துக்கடையைவிட இனிப்புத் தட்டு நல்ல வழி என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். கேழ்வரகிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் கால்சியம் உடலில் சேர்வதை ஓரளவு தடுக்கும். முளைகட்டினாலும் புளிக்க வைத்தாலும் இத்தடை குறையும். நம் முன்னோர் கூழைப் புளிக்க வைத்தது சுவைக்காக மட்டுமன்று போலும். பசலைக்கீரை வகையில் கால்சியம் இருப்பினும் ஆக்சலேட் மிகுதியால் அது உடலுக்கு அதிகம் உதவாது. சிறு மீன்களை முள்ளோடு உண்பது மிகச் சிறந்தது. தாராவியின் விளிம்பிலேயே மீனவக் கோலிகளின் குடியிருப்பு உள்ளது. உப்பிட்ட கருவாடாயின், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் அளவோடு நிறுத்த வேண்டும்.

செலவைக் கணக்கிட்டால், ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் கால்சியத்தில் மாத்திரையே முதலிடம் பெறும், கேழ்வரகு அடுத்து, பால் கடைசி. மேலெழுந்தவாரியாகப் பார்க்கும் நிதி அலுவலர் மாத்திரைக்கே வாக்களிப்பார். ஆனால் பால் தரும் புரதத்தையும், கேழ்வரகு தரும் ஆற்றலையும் இலவசமாக வந்ததாகக் கொள்வது கூட்டு உற்பத்திப் பொருள்களை மதிப்பிடும் முறையாகாது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமையுடன் சிறுதானியத்தையும் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டில் 2023 முதல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். மும்பையின் நியாயவிலைக் கடைகளிலும் இதனைச் செய்தால், மருந்துச் செலவு ஏதுமின்றி எலும்புக்குச் சத்துச் சேர்க்க வழி பிறக்கும்.

மாத்திரையை உண்ணும் முறை

மருந்துப் பட்டையின்மேல் 1,250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று எழுதியிருந்தால், அதில் உள்ள கால்சியம் 500 மில்லிகிராம் மட்டுமே. இதனை அறியாமல் ஒன்றிலேயே நாளின் தேவை முடிந்தது எனக் கருதுவோர் உண்டு. உடல் ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்குமேல் நன்கு ஏற்றுக்கொள்வதில்லை. ஆகவே இரண்டு மாத்திரை தேவைப்பட்டால் இரு வேளையாகப் பிரிக்க வேண்டும். கார்பனேட் வகை கரைவதற்கு வயிற்றின் அமிலம் தேவையாதலால் உணவோடு உண்ண வேண்டும். சிட்ரேட் வகைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இரும்புச் சத்து மாத்திரையும் கால்சியமும் சேர்ந்து உள்ளே சென்றால், இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் கால்சியம் தடுக்கும். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். சிறுநீரக நோயோ கல்லடைப்போ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது.

வைட்டமின் டி-யில் மிகை தரும் கேடு இன்னும் கடுமையானது. நம் நாட்டில் 60,000 அலகு கொண்ட பொடிப் பொட்டலம் வாரம் ஒன்று வீதம் சில வாரங்களுக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. பழைய மருந்துச்சீட்டைக் காட்டி அதை ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்பவர்கள் உள்ளனர். இரத்தத்தில் கால்சியம் அளவு மீறிச் சிறுநீரகம் பழுதாக இதுவே போதும். 2010-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், எழுபது வயதைக் கடந்த 2,256 பெண்கள் பங்கேற்றனர். ஆண்டுக்கு ஒரே முறையாக ஐந்து லட்சம் அலகு பெற்றவர்கள், பெறாதவர்களைவிட அதிகமாக விழுந்தனர். முறிவுகளும் 26 சதவீதம் கூடுதலாயின. சிறிதளவு, சீராக என்பதே இங்கு முறை.

எலும்புப் புரை நோய் உறுதி செய்யப்பட்டவர்களுக்கும், ஏற்கெனவே முறிவு கண்டவர்களுக்கும், மாத்திரை, உணவு, பயிற்சி மூன்றும் அடித்தளமே. சிகிச்சை அதனோடு முடிவதில்லை. அலெண்ட்ரோனேட் போன்ற மருந்துகள் முறிவைப் பெரிதும் குறைப்பவை. 1996-இல் வெளியான ஆய்வில், முதுகெலும்பு முறிவு இருந்த 2,027 பெண்களிடம் இடுப்பெலும்பு முறிவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த ஆய்விலும் உணவில் கால்சியம் குறைந்த பெண்களுக்கு அதனை ஈடு செய்த பின்னரே மருந்தின் பயன் அளக்கப்பட்டது. இம்மருந்தை வெறும் வயிற்றில் நிறைய நீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். கால்சியத்தை அப்போது தொடக்கூடாது.

வெயிலும் சந்தும்

மும்பை நில நடுக்கோட்டிலிருந்து 19 பாகை வடக்கே உள்ளது. ஆண்டில் பெரும்பகுதி நல்ல வெயில் காயும் ஊர். இங்கு வைட்டமின் டி குறைவது எப்படி? தோலில் இதனை உண்டாக்கும் கதிர்கள் முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரையே வலுவாக உள்ளன. அந்நேரத்தில் அலுவலகத்தில் இருப்பவருக்கும் மாடி வீட்டில் திரைபோட்டு ஓய்வெடுப்பவருக்கும் அவை கிட்டுவதில்லை. தாராவியில் காரணம் வேறு. இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளின் மேல் இருபுறக் கூரைகளும் தொட்டுக்கொள்கின்றன. நண்பகலிலும் அங்கே மின்விளக்கு எரிகிறது.

காற்றின் மாசும் இதில் பங்கு கொள்கிறது. தில்லியில் 2002-இல் வெளியான ஆய்வில், மாசு மிகுந்த மோரி கேட் பகுதிக் குழந்தைகளின் இரத்தத்தில் இருந்த வைட்டமின் டி, அன்று மாசு குறைந்திருந்த குர்கான் குழந்தைகளிடம் இருந்ததில் பாதிகூட இல்லை. அப்பளம் உலர்த்தப்படும் கூடைகளைத் தாராவியின் திறந்தவெளிகளில் காணலாம். அப்பளத்துக்குக் கிடைக்கும் வெயில் அதை இட்ட கைகளுக்கும் அரை மணி நேரம் கிடைத்தால் நன்று.

உழைப்பு வேறு, பயிற்சி வேறு

நாள் முழுதும் பாடுபடும் பெண்ணுக்கு உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் உல்ஃப் 1892-இலேயே விளக்கினார். ஆனால் ஒரே நிலையில் மணிக்கணக்கில் குந்தி முன்வளைந்து செய்யும் வேலை எலும்பை வளர்க்கும் சுமையன்று. புரை விழுந்த முதுகெலும்பின் முன்விளிம்பு நசுங்குவதற்கு அந்த வளைவே ஏதுவாகிறது. போதிய உணவில்லாத உழைப்பு உடலிலுள்ள புரதத்தையும் தின்றுவிடும்.

ஆஸ்திரேலியாவில் 2018-இல் வெளியான ஒரு சோதனை இதற்கு மாறான காட்சியைத் தந்தது. எலும்பு அடர்த்தி குறைந்த, மாதவிடாய் நின்ற 101 பெண்கள் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் வாரம் இரு முறை, அரை மணி நேரம், பயிற்சியாளர் மேற்பார்வையில் கனமான எடைகளைத் தூக்கினர். எட்டு மாதங்களில் அவர்களின் இடுப்பு முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. வீட்டில் எளிய பயிற்சி செய்த மற்றப் பிரிவினருக்கு 1.2 சதவீதம் குறைந்தது. குறைந்த நேரம், மிகுந்த சுமை, நடுவில் ஓய்வு என்பதே இதன் இலக்கணம். பயிற்சியாளர் இல்லாத இடத்தில் அவ்வளவு எடையைத் தூக்கச் சொல்வது ஆபத்து. ஆயினும் கோட்பாட்டைச் சிறிய அறைக்கும் ஏற்றவாறு அமைத்துக்கொள்ளலாம்.

நூறு சதுர அடி அறையில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து அமரலாம். சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தித் தரையில் 'தொப்' என்று இறக்கலாம். சுவரில் கையூன்றித் தள்ளலாம். ஒரு காலில் நின்று பழகுவது சமநிலையை வளர்க்கும். இரு லிட்டர் நீர்ப்புட்டிகளை மார்பு வரை உயர்த்துவது தோளுக்கு. குப்புறப் படுத்து மார்பைச் சிறிது உயர்த்துவது முதுகுத் தசைக்கு மிக நல்லது. குனிந்து கால்விரலைத் தொடுவது, உடலைத் திடீரெனத் திருகுவது, மல்லாந்து படுத்து எழுந்து உட்காருவது ஆகியவற்றை இந்நோய் உடையவர்கள் தவிர்க்க வேண்டும். யோகாசனப் பயிற்சியில் முன்வளையும் ஆசனங்களுக்கும் இது பொருந்தும். ஏற்கெனவே முறிவு கண்டவர்கள் இயன்முறை மருத்துவரிடம் கற்ற பின்னரே தொடங்க வேண்டும். நடைக்குச் சயான் கோட்டைக் குன்றின் அடியிலுள்ள தோட்டம் அருகிலேயே இருக்கிறது. குன்றேறும் பாதை சமதரை நடையைவிட எலும்புக்கு உகந்தது.

விழாமல் காப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியே. தாராவி வீடுகளின் மாடி அறைக்கு வெளிப்புறத்தில் ஏறக்குறைய செங்குத்தான இரும்பு ஏணியே வழி. பருவமழையில் அது வழுக்கும். இரவில் பொதுக் கழிப்பிடத்திற்கு நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஏணிக்கு ஒரு கைப்பிடிக் கம்பியும் சந்துக்கு ஒரு விளக்கும் பொருத்துவதை நலவாழ்வுச் செலவாகவே கருத வேண்டும் என்பது என் கருத்து.

நிருவாகத்திற்குச் சில குறிப்புகள்

ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் 2009-ஆம் ஆண்டின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஐம்பது வயதைக் கடந்த ஒரு லட்சம் பேரில் 129 பேருக்கு ஓராண்டில் இடுப்பெலும்பு முறிந்தது தெரியவந்தது. பெண்களுக்கு 159, ஆண்களுக்கு 105. இந்த முறிவுக்கு அறுவைச் சிகிச்சை, நீண்ட படுக்கை, கவனிப்பதற்காக வேலையை விட்டு நிற்கும் மருமகளின் கூலி இழப்பு என அடுக்கடுக்காகச் செலவு வருகிறது. கடைசிச் செலவு எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை.

கருவுற்ற பெண்களுக்கு 500 மில்லிகிராம் கால்சியமும் 250 அலகு வைட்டமின் டி-யும் கொண்ட மாத்திரையை நாளுக்கு இரண்டு வீதம் வழங்குமாறு மத்திய சுகாதார அமைச்சகம் 2014-இல் நெறிமுறை வகுத்தது. கருவுற்ற பதினான்காம் வாரம் தொடங்கி, பேறு முடிந்து ஆறு மாதம் வரை இது தொடரும். தாயின் இரத்த அழுத்தச் சிக்கலைத் தடுப்பதே இதன் முதல் நோக்கம். எனினும் எலும்புச் சத்து மிகுதியாகச் செலவாகும் காலத்தில் அரசே தலையிடும் நல்ல வாய்ப்பு இது. பேறுகாலம் முடிந்தபின் அடுத்த முப்பது ஆண்டுகள் அப்பெண்ணின் எலும்பைப் பற்றி எந்தத் திட்டமும் கேட்பதில்லை. 2010-11-இல் தொடங்கிய முதியோர் நலவாழ்வுத் தேசியத் திட்டம் அவரை அறுபது வயதில்தான் மீண்டும் சந்திக்கிறது. மாதவிடாய் நிற்பதையொட்டி, நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து வயது வரை எலும்பு மிக வேகமாகக் கரையும் பத்தாண்டுகள் இந்த இடைவெளிக்குள் வீழ்கின்றன.

அலுவலர்கள் கவனிக்க வேண்டிய மற்றொன்று: மாத்திரையை எண்ணலாம், நடையை எண்ண முடியாது. எத்தனை பட்டை வழங்கப்பட்டது என்பது மாத அறிக்கையின் ஒரு கட்டத்தில் அடங்கிவிடும். எத்தனை வீடுகளில் கேழ்வரகு மீண்டும் அடுப்பேறியது என்பதற்குக் கட்டம் இல்லை. அறிக்கையில் கட்டம் இருப்பதே செயலாகிறது என்பது முப்பதாண்டு அரசுப்பணியில் நான் கண்டது. ஆகவே மருந்து வழங்கும் சாளரத்திலேயே, முந்திய நாளின் உணவைப் பற்றி மூன்று கேள்விகளைக் கேட்டு எழுதும் முறையைச் சோதனையாகத் தொடங்கலாம்: பால் அல்லது தயிர் உண்டா, கீரை அல்லது கேழ்வரகு உண்டா, பருப்பு அல்லது முட்டை அல்லது மீன் உண்டா? மூன்றுக்கும் இல்லை என்பவருக்கு மாத்திரையோடு உணவு உதவியும் தேவை. மூன்றுக்கும் ஆம் என்பவருக்கு ஒருவேளை மாத்திரையே தேவைப்படாது. அவருக்குச் செல்லும் மாத்திரையை முன்னவருக்குத் திருப்பிவிட்டால், கூடுதல் ஒதுக்கீடு கேட்க வேண்டியதில்லை.

வீட்டமைப்பையும் இங்கே குறிப்பிட வேண்டும். செம்பூரை அடுத்த கோவண்டி, மான்குர்துப் பகுதிகளில் மறுகுடியமர்த்தலுக்காகக் கட்டிய நட்வர் பாரேக், லல்லுபாய் குடியிருப்புகளில், கட்டடங்கள் நெருங்கி நிற்பதால் வெளிச்சமும் காற்றும் குறைந்து காசநோய் பரவுவதை 2018-இல் வெளியான ஆய்வு சுட்டிக்காட்டியது. எலும்பைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை. ஆனால் நுரையீரலுக்குக் கிட்டாத வெயில் எலும்புக்கு மட்டும் எங்கிருந்து கிட்டும்? தாராவி மறுசீரமைப்பின் வரைபடங்கள் உருவாகிவரும் இந்நாளில், கட்டடங்களுக்கு இடையே எத்தனை மீட்டர் விடப்படுகிறது என்பதும், கீழ்த்தள வாசலில் நண்பகல் வெயில் எத்தனை நிமிடம் விழுகிறது என்பதும் சுகாதாரத் துறையின் ஒப்புதலுக்கு வைக்க வேண்டிய விவரங்களாகும்.